மலையடிவாரத்தில் ஒரு வீடு: நகரத்திலிருந்து வருகிறவர்களும் ஊர்க்காரர்களும் கேட்கும் கேள்விகள்

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பாக்கு, தென்னை, வாழை, சின்ன வெங்காயம் விளைகிற பூமி. பத்து ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமை ஆனால் இடம் பார்க்க வரும் கார்கள் டீக்கடை முன்னால் வரிசையாக நிற்கின்றன. வருகிறவர்களில் பலர் நல்ல மனிதர்கள். காற்றுக்கும் அமைதிக்கும் ஆசைப்பட்டு வருகிறார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல், புரோக்கர் சொன்னதை நம்பி முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நீலகிரிக்கோ பழனிமலைக்கோ போகிறவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

நகரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிவருவதே தவறு என்கிறீர்களா?

இல்லவே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கும் தாத்தா காலத்து மானாவாரிக் காடும் தோட்டமும் ஏதோ ஓர் ஊரில் இருந்திருக்கும். திரும்பி வர நினைப்பது இயல்பு. பிள்ளையை ஊர்ப் பள்ளியில் சேர்த்து, ஊர்க் கடையில் சாமான் வாங்கி, கிராம சபையில் வந்து உட்காருகிற குடும்பம் ஒன்று வந்தால் ஊருக்கு அது பலம்.

எனக்குக் கவலை தருவது வேறு. வருடத்தில் இருபது நாள் தங்குவதற்காக ஒரு ஏக்கரைச் சுற்றி மதில் எழுப்பி, மிச்ச நாளெல்லாம் பூட்டிப்போட்டு, காவலுக்கு ஒருவரையும் இரண்டு நாயையும் விட்டுவிட்டுப் போகிற வீடு. எங்கள் ஊரில் வருகிறவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான்.

ஒரே ஒரு வீடு. அதனால் காட்டுக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

வீட்டின் அளவைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆயிரம் சதுர அடி என்பது இரண்டரை சென்ட்கூட இல்லை. கெடுதல் வருவது வீட்டோடு வருகிற மற்றவற்றால்.

முதலாவது மதில். மலையடிவாரத்து நிலம் சரிவானது. மழை பெய்தால் தண்ணீர் ஒரே ஓடையில் மட்டும் வராது. நிலம் முழுக்கப் பரவி, வரப்புகளைத் தாண்டி, பள்ளம் தேடி இறங்கும். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். தடாகம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி, கோவை நகரத்துக்குள் ஓடுவதற்குச் சங்கனூர் பள்ளம் என்று பேர். இப்படி இறங்குகிற தண்ணீரை ஒரு மதில் நிறுத்தினால், அது பக்கத்துத் தோட்டத்தை அரித்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் கீழே இருக்கிற குளத்துக்கு வர வேண்டியது வராமல் போகும்.

இரண்டாவது, மதில் தடுப்பது தண்ணீரை மட்டுமல்ல. மானும் முள்ளம்பன்றியும் யானையும் மதிலை ஒட்டியே நடந்து, அது முடிகிற இடத்தில் திரும்பும். அந்த இடத்தில் மதில் கட்ட வசதியில்லாத சிறு விவசாயியின் வாழைத் தோட்டமோ, கூலிக்காரர்களின் ஓட்டு வீடோ இருக்கும். பணம் உள்ளவர் தன் வீட்டைக் காத்துக்கொள்வதற்கான விலையைப் பக்கத்தில் இருக்கிற ஏழை கொடுக்கிறார். எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்த்தது இது. மதில்கள் வந்த பிறகு யானை வருகிற வழி மாறியது. ஒருபோதும் யானை வராத ஒரு காலனித் தெருவில், ஒரு ஐப்பசி மாதத்து இரவில் அரிசிக்காகச் சுவரை இடித்தது.

மூன்றாவது, வீடுகள் சிதறிக் கிடப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு ஐம்பது சென்ட் வாங்கித் தனித்தனியாக வீடு கட்டினால் ஐந்து ஏக்கரும் போய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தார் ரோடு, ஒரு கரண்ட் கம்பம், ஒரு போர், ஒரு மலக்குழி. அதே பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு ஐந்து சென்டில் அருகருகே கட்டிக்கொண்டால் ஆவது ஐம்பது சென்ட். மிச்சம் நாலரை ஏக்கர் தோட்டமாகவே இருக்கும். அதைப் பத்துப் பேரும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை இரண்டிலும் ஒன்றுதான். நம் ஊர்கள் எல்லாம் பழைய காலத்தில் இப்படி நெருக்கமாகத்தான் இருந்தன: நத்தம் என்கிற குடியிருப்பு நிலத்தில் வீடு, அதைச் சுற்றி வயலும் மானாவாரிக் காடும்.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கலாமா?

வாங்கலாம், தடையில்லை. நில உச்சவரம்புச் சட்டப்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடுகிற ஏக்கர்) என்பது எல்லை. வாங்கிய நிலத்தில் வீடு கட்டுவது மட்டும் வேறு விஷயம். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் இன்னும் கெடுபிடி. அந்தக் கெடுபிடி வேண்டியதே.

"பண்ணை நிலம், 10 சென்ட், மாமரத்தோடு" என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாக மாறிக்கொண்டிருந்ததுதான் வழக்கின் மையம். பிறகு 2017ல், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்துகிற வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள வழி கிடைத்தது. அதற்குப் பிறகு பிரித்து விற்பவற்றுக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் சிலர் மனை என்று சொல்லாமல் "பண்ணை" என்று பேர் மாற்றிச் சென்ட் கணக்கில் விற்கிறார்கள். கையில் வருவது விவசாய நிலத்துக்கான பத்திரம். அதில் நீங்கள் மனதில் கட்டி வைத்திருக்கிற வீட்டுக்குத் திட்ட அனுமதி கிடைக்காது. பத்து சென்டில் விவசாயமும் செய்ய முடியாது. ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்தால் மாமரம் காய்ந்து, கல்தூண் மட்டும் நட்டநடுவே நிற்கும். அந்த நிலம் காடாகவும் இல்லை, தோட்டமாகவும் இல்லை, ஊராகவும் இல்லை. எங்கள் ஊர் நிலத்துக்கு நேர்ந்தவற்றில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

ஹாகா என்கிறார்களே, அது என்ன?

மலையிடப் பாதுகாப்புக் குழுமம். மலைப்பகுதிக் கிராமங்களில் கட்டுமானத்தை நெறிப்படுத்த 1990ல் தமிழக அரசு அமைத்தது. கோவை மாவட்டத்தில் மலையை ஒட்டிய பல கிராமங்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள கிராமத்தில் மனை பிரிக்கவோ கட்டடம் எழுப்பவோ வழக்கமான அனுமதி மட்டும் போதாது. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும்.

"பஞ்சாயத்தில் அனுமதி வாங்கித் தந்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், முதலில் கிராமத்தின் பேரைப் பட்டியலில் பாருங்கள். கிராமம் என்றால் ஊர்ப் பேர் இல்லை, வருவாய்க் கிராமத்தின் பேர். இரண்டும் வேறாக இருப்பது சகஜம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

நிலம் வாங்கும் முன் எந்தெந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவற்றை எந்த வக்கீலும் பார்ப்பார். அவற்றை விட்டுவிட்டு, சாதாரணமாகக் கவனிக்கப்படாத இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று புலப்படம், அதாவது சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டுகிற அளவுப் படம். அதில் உங்கள் சர்வே எண்ணுக்குள்ளோ ஓரத்திலோ ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை, மேய்க்கால் (பொது மேய்ச்சல் நிலம்) இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தில் நின்று பார்த்தால் ஓடை தெரியாமல் போகலாம். விற்பவர் ஜேசிபி விட்டுச் சமப்படுத்தியிருப்பார். படத்தில் அது இருக்கும். பெருமழை வருகிற வருடம் தண்ணீர் அந்தப் படத்தில் உள்ள வழியிலேதான் வரும்.

இரண்டாவது அ-பதிவேடு, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு. நிலம் யாருக்கு, எந்த நிபந்தனையில் முதலில் கொடுக்கப்பட்டது என்பது அதில் தெரியும். 1892 தொடங்கி ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அதை அந்த மக்கள் அல்லாத ஒருவருக்கு விற்பது செல்லாது. பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலமும் நிபந்தனைப் பட்டா நிலமும் உண்டு. கைமாறிக் கைமாறி, இப்போது "சுத்தமான பத்திரம்" என்று உங்கள் முன்னால் வரும். ஒருவர் வாழ்வதற்காகக் கொடுக்கப்பட்ட நிலத்தில் நீங்கள் வாரக்கடைசி வீடு கட்டக் கூடாது. வழக்கு வரும் என்ற பயம் இருக்கட்டும். அதற்கு முன்னால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

எந்த மாதத்தில் வந்து இடத்தைப் பார்ப்பது நல்லது?

இரண்டு முறை வாருங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை. மழையில் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியும். வெயிலில் தண்ணீர் எங்கே இல்லை என்று தெரியும். புரோக்கர்கள் தை, மாசியில் கூப்பிடுவார்கள். பூமி பச்சையாக இருக்கும், காற்று குளுகுளுவென்று இருக்கும், எந்தக் குறையும் கண்ணில் படாது.

இரவு ஒருநாள் ஊரில் தங்கிப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசுங்கள். "யானை வருங்களா?" என்று கேட்டால் வேலி எங்கே பிய்ந்தது, எந்த வருடம் எந்தப் பக்கமாக வந்தது என்று விரல் நீட்டிக் காட்டுவார்.

யானை வழித்தடத்தில் கட்டினால் உண்மையிலேயே இடிப்பார்களா?

மசினகுடியைப் பாருங்கள். முதுமலைக்குக் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கிற சீகூர் பீடபூமியில் பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று வரிசையாக ஊர்கள். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற முக்கியமான வழி அது. அங்கே வீடுகளும் தங்கும் விடுதிகளும் பெருகின. 2010ல் அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை உறுதி செய்தது. கட்டட உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் அங்கிருந்து வந்த உத்தரவில் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைக்கச் சொன்னது.

அடுத்த மூன்று மாதத்தில் நடந்ததை நீங்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். 2021 ஜனவரியில், அதே மாவனல்லாவில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மீது எரிகிற டயரை வீசினார்கள். காதில் தீப்பிடித்தபடி அது இருட்டுக்குள் ஓடியது. பிழைக்கவில்லை.

இதை எழுதும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வழித்தடம் என்று வரைபடத்தில் கோடு போடும்போது, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிற இருளரும் குறும்பரும் சிறு விவசாயிகளும் பணம் படைத்த விடுதிக்காரரும் ஒரே கோட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். 2024ல் தமிழக வனத்துறை 42 யானை வழித்தடங்கள் கொண்ட வரைவு அறிக்கையை வெளியிட்டது. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் குறைவு என்று கூடலூர் பக்கம் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பல தலைமுறைக்கு முன்பே அங்கே இருந்தவரையும் நேற்று வந்து மதில் கட்டியவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. யானைக்கு வழி விட வேண்டும் என்றால், முதலில் வழிவிட வேண்டியவர் கடைசியாக வந்தவர்.

விவசாயியே விரும்பி விற்கும்போது நீங்கள் யார் தடுப்பதற்கு?

தடுக்கும் உரிமை எனக்கில்லை. என் சொந்தத்தில் பெரியப்பா ஒருவர் மகள் கல்யாணத்துக்காக இரண்டு ஏக்கரை விற்றார். வாழை நாலு வருடம் காற்றில் சாய்ந்தது, போர் வறண்டது, வெங்காயத்துக்கு விலை இல்லை. ஏக்கருக்குக் கிடைத்த பணம் அவர் வாழ்நாளில் விவசாயத்தில் பார்த்திராத பணம். அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது. விவசாயம் கட்டுபடியாகாதபோது, நிலத்தைக் காப்பாற்றும் பாரத்தை விவசாயியின் தலையில் மட்டும் வைப்பது அநியாயம்.

ஆனால் விற்பவருக்குப் பணம் கிடைக்கிறது, வாங்குபவருக்கு நிலம் கிடைக்கிறது. இந்த இருவர் போக மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பேர் எந்தப் பத்திரத்திலும் வராது. அறுவடை முடிந்த மானாவாரிக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டு, அதாவது இரவில் ஆடுகளை அங்கே அடைத்து வைத்து, பிழைத்தவர். அந்தத் தோட்டத்தில் களை எடுத்தவர். வரப்பு ஓரம் புல் அறுத்து ஒரு மாட்டை வளர்த்த பாட்டி. வேலி ஏறியதும் முதலில் அவர்களுடைய வழி மூடுகிறது. நிலம் வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: வண்டிப்பாதையையும் தடத்தையும் அடைக்காதீர்கள். உங்கள் இடத்தில் புல் இருந்தால் அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கிடை போடச் சொல்லுங்கள். உங்கள் மாமரத்துக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது.

மதில் வேண்டாம் என்றால், பாதுகாப்புக்கு என்ன செய்வது?

எங்கள் கொங்கு நாட்டில் இதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. கிளுவை வேலி.

காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்று சொல்கிற மேய்ச்சல் நிலங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் நிற்கும். நாலாபுறமும் கிளுவை வேலி. காங்கயம் மாடு அதற்குள்தான் வளர்ந்தது. கிளுவைப் போத்தை (கிளைத் துண்டை) வெட்டி நட்டால் துளிர்த்துவிடும். அதிகம் தண்ணீர் கேட்காது. முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது. ஆனால் கீரி, முயல், உடும்பு, ஓணான் நுழையும். தண்ணீர் ஊடே வடியும். குருவி கூடு கட்டும்.

இரண்டு பக்கமும் இப்படி வேலி இருந்து நடுவில் மண்தடம் போனால் அதை இட்டேரி என்போம். நான் பள்ளிக்கூடம் போனது ஓர் இட்டேரி வழியாக. கோவைப்பழம், சூரிப்பழம், பிரண்டை, முடக்கத்தான், குன்றிமணி எல்லாம் அதில்தான் எனக்கு அறிமுகம். ஓர் இட்டேரியில் இருந்த அளவு உயிர்கள் இன்றைக்குப் பத்து ஏக்கர் பண்ணை வீட்டில் இல்லை. திண்டுக்கல், கரூர் பக்கம் தேவாங்கு இன்னும் உயிரோடு இருப்பதற்கு இப்படிப்பட்ட புதர்வேலிகளும் ஒரு காரணம். கிளை விட்டுக் கிளை தாவாமல் நிதானமாக நடக்கிற பிராணி அது. தொடர்ச்சியாகச் செடி கொடி இருந்தால்தான் நகர முடியும். 2022ல் கடவூரில் அதற்கென்று ஒரு சரணாலயமே அறிவித்தார்கள், இந்தியாவில் முதலாவது. அதே நேரத்தில் நம் ஊர்களில் இட்டேரிகளைத் தார் ரோடாக்கி இரண்டு பக்கமும் ஹாலோபிளாக் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சோலார் மின்வேலி போடலாமா?

முறைப்படி பதிவு செய்தால் போடலாம். 2023ல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. குறிப்பிட்ட தரத்தில் உள்ள கருவிதான் வைக்க வேண்டும். அது அதிர்ச்சி தந்து விரட்டும், கொல்லாது. வீட்டு இணைப்பிலிருந்து நேராகக் கம்பியில் கரண்ட் கொடுப்பது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி நின்றன.

வீட்டைச் சுற்றி மட்டும் போடுங்கள். ஏக்கர் முழுவதற்கும் போட வேண்டாம்.

வீடு கட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

முடிந்தால் நத்தத்தில் கட்டுங்கள். ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டு வீடுகள் எத்தனையோ உண்டு. ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுக் குடியிருந்தால் ஒரு சென்ட் விளைநிலம்கூடப் போகாது. அக்கம்பக்கம் ஆள் இருப்பதால் மதிலும் வேண்டாம், காவலுக்கு நாயும் வேண்டாம். தோட்டம் வேண்டுமென்றால் தனியாக வாங்கித் தோட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பகலில் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடலாம். எங்கள் அப்பா காலம் வரை எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) தங்கியவர்களும் மாடு கன்றோடு தங்கினார்கள், மதிலோடு தங்கவில்லை.

தோட்டத்திலேதான் கட்டுவேன் என்றால், ஏற்கெனவே வீடு இருக்கிற மூலையில், ரோட்டை ஒட்டிக் கட்டுங்கள். காட்டின் பக்கம் தள்ளிப் போகாதீர்கள். மலக்குழியும் உறிஞ்சு குழியும் கிணற்றுக்கும் போருக்கும் 60 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். மேட்டுப் பக்கம் கிணறு, தாழ்ந்த பக்கம் குழி. நீச்சல் குளம் வேண்டாம். கீழே இருப்பவர் 800 அடிக்குப் போர் போட்டுக் குடிதண்ணீருக்குக் காத்திருக்கும்போது அதைக் கட்டுவது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

செங்கல் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். தடாகம் பள்ளத்தாக்கில் யானை நடக்கிற செம்மண் பூமியைத் தோண்டித்தான் பல ஆண்டுகள் கோவையின் வீடுகளுக்குச் செங்கல் அறுத்தார்கள். அனுமதி இல்லாமல் நடந்த 170க்கும் மேற்பட்ட சூளைகள் 2021ல் மூடப்பட்டன. அந்தக் குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

விளக்கு, நாய், குப்பை?

விளக்கைக் கீழ்நோக்கி வையுங்கள், இரவு பத்து மணிக்கு அணையுங்கள். நாயை இரவில் உள்ளே கட்டுங்கள். வெளியில் விட்டால் அது மானைத் துரத்தும், சிறுத்தை அதைத் தேடி வரும். மிச்சச் சோற்றை வெளியே கொட்டினால் பன்றி வரும். குப்பை வண்டி எல்லா ஊருக்கும் வராது, பிளாஸ்டிக்கை நகரத்துக்கே திரும்ப எடுத்துப் போங்கள்.

இடம் கீழே கிடைக்கவில்லை. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ பார்க்கலாமா?

மலைமேல் இடம் தீர்ந்துவிட்டது என்றே நினையுங்கள். 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் வெளியூர் வண்டிகளில் போகவே உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவை வெட்டிச் சமதளமாக்கிக் கட்டிய வீடுகள் எந்த மழையிலும் ஆபத்துதான்.

கொடைக்கானலில் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி கட்டிய ஒரு விடுதியை எதிர்த்து, பழனிமலைப் பாதுகாப்புக் குழு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995ல் வென்றது. பணமும் அதிகாரமும் ஒரு பக்கம் நின்றபோது சாதாரண ஊர்க்காரர்கள் வழக்காடி வென்றார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஊர்க்காரர்களாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். வேடந்தாங்கலில் ஏரிக்கு வரும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கண்மாய்க்கு வந்த பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காக. புதிதாகக் குடிவருகிறவர் இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது தெரியாமல் வெடி வெடித்தால் அது யார் தவறு? ஊர் சொல்ல வேண்டும், அவர் கேட்க வேண்டும்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஓடைகள், மேய்க்கால், இட்டேரிகள், யானை வருகிற தடங்கள் இவற்றின் பட்டியலை வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். கோவைக்கு 1994க்குப் பிறகு அடுத்த முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளிவர 2024 ஆனது. முப்பது வருடம் புதிய திட்டமில்லாமல் ஊர் வளர்ந்தது. அடுத்த திட்டம் வரும்போது எதிர்ப்புச் சொல்லவோ திருத்தம் கேட்கவோ கையில் ஒரு தீர்மானக் காகிதமாவது இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி, மதிலும் கட்டிவிட்டேன். இனி என்ன செய்ய?

முழுவதும் இடிக்க வேண்டியதில்லை. புலப்படத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் வந்த வழி எதுவோ அங்கே மதிலைத் திறந்துவிடுங்கள். ஒரு மழை பார்த்தால் எங்கே என்று தெரிந்துவிடும். காட்டைப் பார்த்த பக்கத்து மதிலை எடுத்துவிட்டு வீட்டைச் சுற்றி மட்டும் வேலி வையுங்கள். மிச்சப் பக்கங்களில் மதிலுக்கு வெளியே கிளுவை நட்டு வாருங்கள். அது உயர்ந்த பிறகு மதிலை எடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம். போத்து நட மழைக்கு முந்திய நாட்கள் தோது. எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் கிளுவை இன்னும் இருக்கிறது, வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம்.